கீபோர்டுக்கு மட்டும் போட்டா போதும் மேடம்

இன்னும் படபடப்பு அடங்கல.

இன்னிக்கு கும்மிடிப்பூண்டில ஒரு கச்சேரி குழுவுக்கு இன்சூரன்ஸ் போடப் போனேன். மொத்தம் அஞ்சு பேரு. எல்லாருக்கும் சிப்காட்ல வேலை, லீவு நாள்ல கல்யாணம், திருவிழான்னு கச்சேரி.

குழுவை நடத்துற தாஸ் அண்ணன் துணிய விலக்கி புது கீபோர்டைக் காட்டினாரு. "இதுக்கு மட்டும் போடுங்க மேடம். கொழந்த மாதிரி வெச்சிக்கினு கீறோம்."

"கச்சேரி நடுவுல மழை வந்தா?" எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விதான்.

"ஃப்ளெக்ஸ் பேனரை நாலு இரும்புப் பைப்புல கட்டி, மூலைக்கு ஒருத்தரா தூக்கிப் புடிச்சிக்குவோம். கீபோர்டுக்காரன் வாசிச்சிக்கினே இருப்பான். ஒரு சொட்டு உள்ள வராது."

"கரன்ட்டை ஆஃப் பண்ணிட்டுதானே?"

"ஆஃப் பண்ணா பாட்டு நின்னுடுமே! கல்யாண ஊட்டுக்காரங்க உடுவாங்களா?"



டிரம்ஸ் வாசிக்கிற தம்பி பெருமையா சொல்றான்: "போன கச்சேரில என் பைப்பு சீரியல் லைட் ஒயர்ல பட்டு கையெல்லாம் இழுத்துச்சு மேடம். ஆனா நான் புடிய உடவே இல்ல."

தம்பி, நீயா உடாம இருக்கல. கரன்ட்டு புடிச்சிக்கிச்சு, உன்னால உட முடியல!

"அண்ணா, முதல்ல உங்க அஞ்சு பேருக்கும் போடுவோம்"னு கெஞ்சாத குறையா சொன்னேன்.

தாஸ் அண்ணன் என்னை விசித்திரமா பார்த்தாரு. "எங்களுக்கு எதுக்கு மேடம்? நாங்க நனைஞ்சா கெட்டாப் பூடுவோம்?"

இனிமே கொட்டற மழையிலயும் பாட்டு நிக்கலன்னா கைதட்டாதீங்க மக்களே. மெயின் சுவிட்சு எங்க இருக்குன்னு தேடுங்க.