அபின் கடையில் என் பேர்

ரங்கூனில் அபின் விற்றது சர்க்கார்தான். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை. விற்கிறதும் அவர்களே, தின்னாதே என்று அதட்டுகிறதும் அவர்களே. நல்ல நியாயம்!

எங்கள் வீட்டுக்காரருக்கு க்யிம்யிண்டைங் துறையில் அரிசி மூட்டை தூக்குகிற வேலை. இடுப்புவலி தெரியாமல் இருக்க, அவரும் அவர் கேங்கில் பாதிப் பேரும் காலையில் மிளகளவு அபினை உருட்டி, சூடான டீயோடு விழுங்கிவிட்டுத்தான் மூட்டைக்குத் தோள் கொடுப்பார்கள். யாராவது ஒருத்தர் கடைக்குப் போய் எல்லோருக்கும் சேர்த்து வாங்கிவருவார். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்தது.

திடீரென்று புதுச் சட்டம் வந்தது. தின்கிறவன் ஒவ்வொருத்தனும் தானே கடைக்கு வந்து, அங்கே உட்கார்ந்திருக்கிற காக்கிச்சட்டை ஆபீசரிடம் பேர் கொடுத்து, கைநாட்டு வைத்து, சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். சீட்டு இல்லாதவனுக்கு ஒரு பொட்டு கிடையாது. மாசம் முடிந்தால் புதுப் பேரும் சேர்க்கமாட்டார்கள்.

கேங்கில் தின்கிறவர்கள் எல்லோரும் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்கள். இவர் மட்டும் அசையவில்லை.

"கப்பல் ஏறும்போது ஆள் பிடிக்க வந்த மேஸ்திரி காகிதத்துல ஒரு கைநாட்டு வச்சேன். இன்னிவரைக்கும் அந்தக் கடன்லேர்ந்து மீள முடியலை. இன்னொண்ணு வேறயா? செத்தாலும் மாட்டேன்."

அது மேஸ்திரி காகிதம், இது சர்க்கார் காகிதம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"கைநாட்டுன்னா கைநாட்டுதான், போடி" என்றார்.

கையிருப்பு தீர்ந்தது. கூட்டாளிகள் முதலில் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தார்கள். சீட்டுக்குக் கிடைக்கிற அளவு அவர்களுக்கே பற்றவில்லை, அவர்களும் கையை விரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் நான் பட்ட பாடு! அவருக்கு மூக்கும் கண்ணும் ஒழுக, கொட்டாவி மேல் கொட்டாவி. கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. படுத்தால் பாயை உதைப்பார். எழுந்தால் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். கதவைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். பலகைத் தரை அதிர்கிறதென்று கீழ்வீட்டு பர்மாக்காரம்மா விளக்குமாற்றுக் கட்டையால் கீழிருந்து இடித்தாள். அரிசி மில்லில் என் கூலி வேலையும் கெட்டது, தூக்கமும் கெட்டது.

துறையில் மூட்டையோடு கப்பலுக்கு ஏறுகிற பலகையில் தடுமாறி விழுந்தார். மேஸ்திரி நேராக என்னிடம் வந்தான். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆள் போட்டுக்குவேன்" என்றான். நாங்கள் இருந்த அறையும் அவனுடையதுதான். வேலை போனால் தெருவில் நிற்க வேண்டியதுதான். எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தக் கட்டைவிரலைப் பொத்திப் பொத்தி வைத்து என்ன செய்யப்போகிறாராம்?

மாசக் கடைசி நாள் நானே கடைக்குப் போனேன். வரிசையில் நம்மவர்களும் சீனாக்காரர்களுமாக ஆம்பிளைகள். என்னைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்கள்.

"யாருக்கு?" என்று ஆபீசர் கேட்டதைக் கடைக்காரன் தமிழில் சொன்னான்.

"எனக்குத்தான்."

"எத்தனை வருஷமா?"

"இந்த ஊருக்கு வந்த நாளா."

ஆபீசர் என் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்து, தலை கலைந்து, தூக்கமே இல்லாத மூஞ்சி. அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு கொட்டாவி வேறு வந்து தொலைத்தது. அவர் தலையை ஆட்டினார். மையில் விரலைத் தோய்த்து அழுத்தினேன். "அடப்பாவமே, இவளா!" என்று பின்னால் எங்கள் தெருக்காரர் ஒருத்தர் குரல் கேட்டது. நான் திரும்பவில்லை.

வாங்கிவந்த அபின் டப்பாவை இவர் முன்னால் வைத்தேன். கிள்ளி எடுத்து விழுங்கினார். கால் அடங்கின பிறகுதான் வாய் திறந்தது.

"பொம்பளை போய் அங்க பேர் குடுத்துட்டு வர்றியே, வெட்கமா இல்லை?"

"உங்க கைக்கு மட்டுந்தான் மானம் இருக்கா?" என்றேன்.

அன்றிலிருந்து தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தை நகர்த்தினார்கள். அபின்காரி என்று எனக்குப் பேராகிவிட்டது. பிள்ளைகளை என்னிடம் விடுவதில்லை. அவருக்கோ டீக்கடையில் ஒரே உபசாரம். பாவம், தங்கமான மனுஷன், அவருக்குப் போய் இப்படி ஒருத்தி வாய்ச்சிருக்கே என்று. எனக்கு வயிறு எரிந்தது. தின்கிறது நான்தான் என்று இன்றைக்குச் சொல்லியிருப்பார், இன்றைக்காவது சொல்லியிருப்பார் என்று படிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து வாசலைப் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தமாக வந்து நின்றார்.

"டீக்கடையில ஒருத்தன் உன்னை அபின்காரின்னான். விட்டேன் ஒரு அறை."

எத்தனை நாள் ஏக்கம்!

"அப்புறம்? அபின் எனக்குத்தான்டான்னு சொன்னீங்களா?"

துண்டால் வாயைத் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"டப்பா எங்கே?" என்று கையை நீட்டினார்.

நீட்டின கையில் அந்தக் கட்டைவிரல் மையே படாமல் இருந்தது. டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.