குரங்கு இழுத்த கம்பி

பாகிஸ்தானோடு போர் நடந்த அந்தப் புரட்டாசியில் உத்திரமேரூரில் என்னைவிடப் பெரிய தேசபக்தை கிடையாது. வெள்ளிக் கொலுசைப் போர் நிதிக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பத்து வயதுக்குத் தாங்காத தலைக்கனத்தோடு திரிந்தேன். எல்லையில் இருந்த சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

சித்தி வாய்விட்டு அழவில்லை. விளக்கு வைத்ததும் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவாள். முதலில் நம் நாட்டுச் செய்தி. பிறகு முள்ளைத் திருப்பி எதிரி நாட்டுச் செய்தி. சித்தப்பாவோடு வடக்கே குடியிருந்தபோது பழகிய இந்தியை வைத்து அதைப் புரிந்துகொண்டு, தன் அண்ணனுக்குத் தமிழில் சொல்வாள். எனக்கு மாமா முறையான அவர் மாட்டுத் தரகர்.

"அவன் இத்தினி பிளேன சுட்டேன்றான், நாம இத்தினி சுட்டோம்ன்றோம். ரெண்டையும் கூட்டினா வானத்துல காக்காகூட மிஞ்சாது" என்று மாமா சிரிப்பார். "மாடு விக்கிறவன் பெருமை பேசினா காதுல வாங்கிக்காத. 'கொஞ்சம் உதைக்கும்'னு அவனே சொல்றான் பாரு, அதான் நெஜம்."

நம் நாட்டையும் கொண்டுபோய்ச் சந்தையில் கட்டிவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது, கொல்லையில் மூங்கிலில் கட்டியிருந்த ரேடியோவின் ஏரியல் கம்பியை இழுத்து அறுத்துக் கிணற்றில் போட்டேன். உள்ளங்கை கிழிந்தது. நாட்டுக்காகப் பட்ட காயம் என்று பெருமையோடு பொத்திக்கொண்டேன்.

அன்று ரேடியோவில் இரைச்சல்தான் வந்தது. சித்தி கொல்லைக்குப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து என் கையைப் பார்த்தாள்.

"இன்னாம்மா ஆச்சி?" என்றார் மாமா.

"குரங்கு இழுத்துட்ட மாதிரி கீதுண்ணா" என்றாள். மஞ்சள் அரைத்து என் கையில் பூசியதும் அவள்தான்.

மறுநாள் மாமா வாலாஜாபாத் போன கையோடு புதுக் கம்பி வாங்கி வந்து கட்டினார். அதற்கும் அடுத்த நாள், பிடிபட்ட நம் வீரர்களின் பெயர்களை எதிரி நாட்டு ரேடியோ வாசித்தது. சித்தப்பாவின் பெயரையும் ஊரையும் கடித்துத் துப்பினார்கள், ஆனாலும் சித்திக்குப் புரிந்தது. "நம்பலாமாண்ணா?" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரைச் சொல்லிட்டான்னா நாளைக்கி ஆளைத் திருப்பிக் குடுத்தாவணும். தனக்கே இடைஞ்சலான பேச்சை எவன் பொய்யா பேசுவான்? மச்சான் உயிரோட கீறாரு. அழுவாத."

மாசியில் சித்தப்பா மெலிந்துபோய் வந்து சேர்ந்தார்.

அந்தப் பெயர்களை நாங்கள் ஒரே ஒரு முறைதான் கேட்டோம். இரண்டு நாள் முன்னால், நான் கம்பியை அறுத்த அன்று வாசித்திருந்தால், எங்கள் காதில் விழுந்தே இருக்காது. முகம் தெரியாத அந்த எதிரிக் குரலுக்கு நான் நன்றி சொல்லாத புரட்டாசி இல்லை. சித்திக்கு நன்றி சொல்லி முடியாது.

மாமாவிடம் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் குரங்கு வந்ததே கிடையாது. இரண்டு நாடுகள் சொன்னதையும் லேசில் நம்பாத அந்த மனிதர், தங்கை சொன்ன குரங்கை மட்டும் மறுபேச்சில்லாமல் நம்பிக்கொண்டார்.