அந்தக் காலத்துக் கள்ள ரூபாய்

சௌக்கத் அலியைப் போலீசார் அழைத்துப்போனபோது அவருடைய மனைவி ரஹீமுன்னிசா கடையில்தான் இருந்தாள். ராயபுரத்தில் பூட்டு ரிப்பேர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே, இரண்டு பேர் ஒடுங்கி உட்காரும் அகலத்தில் இருந்தது அவர்களுடைய பழைய நாணயக் கடை.

வெளியூர்க்காரர் ஒருவர் விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாய்கள் சிலவற்றை வாங்கிப்போயிருந்தார். விற்கும்போதே சௌக்கத் அலி சொன்னார்: "இது வெள்ளி இல்ல சார். செம்பு மேல வெள்ளி முலாம். ஆனா ராணி காலத்துலயே எவனோ அடிச்சு சந்தையில வுட்டது. இதுக்குன்னே சேக்கறவங்க கீறாங்க." வாங்கியவர் அவற்றை அசல் வெள்ளி என்று வேறொருவர் தலையில் கட்டினார். மாட்டிக்கொண்டதும், ராயபுரத்து பாய்தான் சொந்தமாக அடித்து விற்கிறார் என்று கை காட்டிவிட்டார். கடையைக் கிளறியதில் அதே மாதிரி இன்னும் நான்கு காசுகளும், காசு துடைக்கும் திராவகப் புட்டியும் கிடைத்தன.

ஸ்டேஷனில் ரஹீமுன்னிசா பேசத் தொடங்கியதுமே ஏட்டு தடுத்தார். "கள்ளக்காசுன்னு நீயே சொல்றியே. அப்பால இன்னா?"

"கள்ளக்காசுதான் சார். ஆனா நாங்க பண்ணது இல்ல. நூறு வருசத்துக்கு முந்தி பண்ணது."

எந்தக் காலத்தில் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. சோதனை அறிக்கை வந்தது: செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு. ஜாமீன் கிடைக்கவில்லை. அவரைப் புழல் சிறைக்கு அனுப்பினார்கள்.

கடையில் உட்கார்ந்து டீ குடித்துப் போன நாணய சேகரிப்பாளர்கள் அவள் போனை எடுக்கவே இல்லை. மகள் உமைமாவை மாமியார் வீட்டில் வெளியே விடவில்லை. சிறையில் பார்க்கப் போனபோது சர்க்கரை வியாதியில் கால் வீங்கி, கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார் சௌக்கத் அலி. "வுட்டுடு நிசா. நம்ம பேச்ச யாரு கேக்கப்போறா," என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்பதே மறந்து, எண்ணூர் வரை போய்விட்டாள்.

கடைசியாகத் தண்டையார்பேட்டையில் வக்கீல் ஜூடியிடம் போனாள். அதே வகையில் ஒரு காசு வீட்டில் மிஞ்சியிருந்தது. அதை மேசைமேல் வைத்தாள்.

"ராணி கன்னத்தப் பாருங்க மேடம். கை மாறி மாறித் தேஞ்சு, முலாம் போயி செம்பு தெரியுது. ஓரத்துல ஒரு வெட்டு கீதுங்களா? அந்தக் காலத்துல காசு மாத்தறவங்க சந்தேகம் வந்தா உளியால வெட்டிப் பாப்பாங்க. அந்த வெட்டுக்குள்ள பச்சக் களிம்பு ஏறி கல்லாட்டம் ஆயிருக்கு."

"மருந்துல போட்டாகூட களிம்பு வருமேம்மா."

"அது சுரண்டுனா மாவா உதிரும். நீங்களே கீறிப் பாருங்க."

ஜூடி குண்டூசியால் கீறினார். ஊசி வழுக்கியது. அன்றே, காசுகளின் வயதைச் சோதிக்கக் கேட்டு மனு எழுத உட்கார்ந்தார்.

நீதிமன்றம் ஒரு நிபுணரை நியமித்தது. கைப்பற்றிய நான்கு காசுகளையும் அவர் வெள்ளைத் துணியில் பரப்பியபோது, ஜூடியோடு ரஹீமுன்னிசாவும் நின்றிருந்தாள். மூன்றைப் பார்த்ததும் மூச்சு வந்தது. நான்காவதை இன்னும் குனிந்து பார்த்தாள். கன்னத்தில் தேய்மானமே இல்லை. கறுப்பு மட்டும் பூசினாற்போல் ஒரே சீராக இருந்தது. அது புதிய போலி. பழையது என்று நம்பி சௌக்கத் அலி யாரிடமோ வாங்கியிருக்கிறார். அவர் கண் மங்கிவருவதை அவள் கவனிக்காமல் விட்டிருக்கிறாள்.

"மேடம், அது ஒண்ணு புதுசு," என்று ஜூடியின் காதில் சொன்னாள்.

"சும்மா இரு. அவரே பாக்கட்டும்."

நிபுணரும் அதையேதான் எழுதினார்: மூன்று ராணி காலத்தவை, ஒன்று அண்மையில் வார்த்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அரசுத் தரப்பு வாதாடியது. மற்ற மூன்றுக்காக நீதிபதி ஜாமீன் கொடுத்தார்.

சௌக்கத் அலி வீட்டுக்கு வந்தார். காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நான்காவது காசைப் பற்றி அவள் சொன்னாள்.

"எனக்குத் தெரியலியே நிசா," என்றார். "நல்லா பாத்துதான் வாங்குனேன்."

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா நாட்களில் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவள்தான் போகிறாள்.