கிரேன்காரரின் பெப்பர்மிண்ட் வாசனை

எங்கள் கட்டட வேலையில் அவரை எல்லோரும் மாடிவீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். தரையிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில், டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் காலை ஏழு மணி முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பவரை வேறு என்னவென்று கூப்பிடுவது? நான் கீழே நின்று வாக்கி டாக்கியில் வலது, இடது, மெதுவா, நிறுத்து என்று வழி சொல்கிற சிக்னல்காரன். ஆறு வருடம் என் குரலை நம்பித்தான் அவர் கம்பிக்கட்டுகளை இறக்கினார். அப்படிப்பட்ட மனிதரைத் தரைக்கு இறக்கியவன் நான்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கீழே இருக்கும்போது அவர் இருக்கிற இடமே தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். பஸ்ஸில் ஏற மாட்டார், எவ்வளவு தூரமானாலும் நடந்தே வந்துவிடுவார். நாங்கள் அதையும் கிண்டல் செய்திருக்கிறோம். பத்து வருடமாகக் குடல் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. திடீரென்று முறுக்கும், வயிறு ஊதும், அடுத்த நிமிடம் ஓட வேண்டும். எல்லாச் சோதனையும் செய்து பார்த்த டாக்டர், புண் இல்லை, கட்டி இல்லை, குடல் சும்மா சும்மா கோபித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் என்றாராம்.

அவ்வளவுதான்! அந்த டாக்டர் நூற்றெழுபது படி ஏணியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை இறங்கியிருக்க வேண்டும். சிறுநீருக்குக் கூண்டில் ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளலாம். மற்றதற்கு இறங்கித்தான் ஆக வேண்டும். அவர் இறங்கி ஏறுவதற்குள் கான்கிரீட் காத்துக்கிடக்கும், மேஸ்திரி வாய்க்கு வந்தபடி திட்டுவார். அதனால் காலையில் பட்டினி, மதியம் இரண்டு பிஸ்கட். இப்படியே எட்டு வருடம் ஓட்டியிருக்கிறார்.

அப்புறம்தான் அந்த டாக்டரே பெப்பர்மிண்ட் எண்ணெய் அடைத்த மாத்திரையை எழுதிக்கொடுத்தார். குடலின் இறுக்கத்தைத் தளர்த்துமாம். சாப்பாட்டுக்கு முன்னால் முழுசாக விழுங்க வேண்டும், கடிக்கக் கூடாது, கடித்தால் நெஞ்சு எரியும் என்று சொல்லியிருந்தார். மூன்றாவது வாரமே முறுக்கு பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டு வருடம் அவர் வேலை நேரத்தில் ஒருமுறைகூட இறங்கவில்லை. மதியம் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். வாக்கி டாக்கியில் பாட்டுக்கூட முணுமுணுப்பார். மனிதர் அந்தக் கூண்டில்தான் மனிதராக இருந்தார்.

ஆனால் வயிறு லேசாகக் கலக்கினாலும் அவருக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். சீக்கிரம் கேட்கட்டும் என்று மாத்திரையைக் கடித்துவிடுவார். நெஞ்சு எரியும், ஏப்பம் ஏப்பமாக வரும், கண் கலங்கிச் சிவக்கும், வாயெல்லாம் பெப்பர்மிண்ட் மணக்கும். அந்த மணம்தான் ஒருநாள் காலை ஏணியடியில் என் மூக்கில் ஏறியது.

எனக்கு அந்த மணம் நன்றாகத் தெரியும். என் அப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில் பெப்பர்மிண்ட் மிட்டாய் மென்றுகொண்டுதான் வாசலில் செருப்பைக் கழற்றுவார். அந்த மணம் வந்தால் அம்மா எங்களை உள்ளே போகச் சொல்லிவிடுவாள். ஒரு வாரம் கவனித்தேன். தினமும் அதே மணம், அதே சிவந்த கண். தலைக்கு மேல் இரண்டு டன் தொங்கும் இடத்தில் நட்பு பார்க்க முடியுமா? நேராகப் போய்ப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொன்னேன். நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலை அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் தகரக் கொட்டகை ஆபீசுக்குக் கூப்பிட்டு, குடித்திருக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டார். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தபடி, "ஆமா சார், கொஞ்சம் குடிச்சேன்" என்றார்.

நான் நினைத்தது சரிதான் என்று பெருமூச்சு விட்டேன். முதல் தடவை குடித்து மாட்டினால் ஒரு வாரம் வேலை கிடையாது, எட்டாம் நாள் ஏறிக்கொள்ளலாம். உடம்பு சரியில்லாதவன் என்று எழுதிவிட்டால் மறுபடி ஏணியில் கால் வைக்க முடியாது. இரண்டு விதியும் அந்த ஆபீஸ் சுவரில்தான் ஒட்டியிருந்தன. எனக்கு அது உறைக்கவில்லை.

சும்மா பதிவுக்காக ஊதச் சொன்னார் அதிகாரி. கருவி பூஜ்யம் காட்டியது. மறுபடி ஊதச் சொன்னார், மறுபடியும் பூஜ்யம். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சந்தோஷம் தாங்காமல், "சார், இவரு குடிக்கல சார், சுத்தமா இருக்காரு" என்று கத்திவிட்டேன்.

குடிக்காதவர் எதற்குக் குடித்தேன் என்று சொல்ல வேண்டும், இது என்ன வாசனை என்று அதிகாரி கேட்டார். அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, வயிற்றுக்கு என்றார். வயிற்றுக்கு என்ன என்று அதிகாரி விடாமல் கேட்டார். ஐம்பது வயது ஆள், டைப் அடிக்கிற பெண்ணின் எதிரில், தன் குடலின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். உயரத்தில் வேலை செய்யத் தகுதியில்லை என்று அன்றே எழுதிவிட்டார்.

டாக்டரின் கடிதத்தோடு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். மாத்திரையால் வலி குறைந்திருக்கிறது, இனி வரவே வராது என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் உள்ளதை எழுதினார். அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

அவரை ஸ்டோரில் போட்டார்கள். ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக்கொடுக்கிற வேலை. ஒருநாள் அவர் மனைவி என்னைத் தெருவில் நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஆறு வருஷமா கூடவே இருந்தீங்களே தம்பி, அவர்கிட்டயே ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போன வாரம் கையுறை வாங்கப் போனேன். அவர் சிமெண்டு மூட்டைகளுக்குப் பின்னால் வயிற்றை அழுத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. பதறிப்போய், "அண்ணே, மாத்திர தீந்துடுச்சா? நான் ஓடிப்போய் வாங்கிட்டு வரேன்" என்றேன்.

"வேணாம்ப்பா. நிறுத்தி நாலு மாசம் ஆச்சு."

"ஏண்ணே?"

"மேல ஏறணும்னுதான அத முழுங்கினேன்" என்றார். வலி கொஞ்சம் விட்டதும் எழுந்து, என் அளவுக் கையுறையைத் தேடி எடுத்துக்கொடுத்தார்.