டிக்கெட் வாங்காத கல்

மதுரை போகும் அரசுப் பேருந்தில், சின்னாளப்பட்டி பிரிவில் அந்த அம்மா ஏறி, என் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. மடியில் கனமான சாக்குப்பை. பேசும்போதெல்லாம் அதை இரண்டு விரலால் தட்டிக்கொண்டார்.

“என்னம்மா இது, லக்கேஜ் போடணும்ல?” என்றார் கண்டக்டர்.

“கவர்மெண்டு கல்லு, கவர்மெண்டு பஸ்ல வருது. அதுக்கு எதுக்குய்யா டிக்கெட்டு?”

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு முன்னால் போய்விட்டார்.

பைபாஸுக்காக நிலத்தை எடுக்கிறோம் என்று அவருடைய மல்லிகைத் தோட்டத்தில் அதிகாரிகள் நட்டுவிட்டுப் போன சர்வே கல் அது. எதிர்த்து வழக்குப் போட்டிருந்தார். ஆதாரம் இருந்தால் கொண்டுவரச் சொன்னாராம் வக்கீல். இவர் கடப்பாரையால் கல்லையே பெயர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“சர்வே கல்லப் பிடுங்குனா கேஸ் போடுவாங்களேம்மா” என்றேன்.

“போடட்டும் தம்பி. இம்புட்டுக் கல்ல எடுத்த எனக்கு என்ன தண்டனைன்னு ஜட்ஜய்யா சொல்லட்டும். அப்படியே, அம்புட்டு நெலத்தையும் எடுக்க வந்தவுகளுக்கு என்னன்னும் சொல்லட்டும்.”

இறங்கும்போது பையைத் தூக்கிவிடப் போனேன். தடுத்துவிட்டு, அவரே தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

தீர்ப்பு என்ன ஆனதோ தெரியாது. அந்தக் கல் கோர்ட்டில் இருக்கிறதா, வக்கீல் வீட்டு வாசலில் கிடக்கிறதா, அதுவும் தெரியாது. நிச்சயமாக அவர் தோட்டத்தில் இருக்காது.