ஐந்தாவது குழந்தை

"பணிஞ்சு பேசற பழக்கமெல்லாம் எங்க வம்சத்துலயே கெடையாதுங்க!" என்று அன்புக்கரசி பிரகடனம் செய்தது சோமனூர்த் தறிக் குடோனில், தறிக்கான நூலைத் தாரில் சுற்றிக்கொண்டே. எந்தச் சண்டைக்காகவும் அவள் கை நின்றதில்லை. வாய் ஒரு பக்கம் ஓடும், நூல் ஒரு பக்கம் ஓடும்.

எதிரில் நின்றவர் முதலாளி மனைவி சண்முகப்பிரியா. இன்சூரன்ஸ் அட்டையைக் குலதெய்வத்தின் திருநீறுபோல் கைப்பையில் வைத்திருப்பவர். "கார்டு இல்லாத ஊட்ல புள்ள வளக்கறது ரிஸ்க்கு அம்மணி" என்று அவர் அனுதாபப்பட்டதுதான் தாமதம்.

"எம்புள்ள வர்ஷினிக்கு இதுவரைக்கும் எல்லா ஊசியும் கவர்மெண்டுலதான் போட்டேனுங்க. மருந்து என்ன, கார்டப் பாத்துட்டா தொடைக்குள்ள எறங்குது?"

அத்தனை தறி இரைச்சலிலும் இது எல்லோர் காதிலும் விழுந்தது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பிறகு, தடுப்பூசிக்கு அந்த அட்டை செல்லாது என்று தனியார் ஆஸ்பத்திரி கைவிரித்தது. படுத்தால் பணம் தரும் அட்டை, படுக்காமலிருக்கப் போடும் ஊசிக்குத் தராதாம். காசு கொடுக்க மனமில்லை, இலவச வரிசையில் நிற்கக் கௌரவம் விடவில்லை. முதலாளி வீட்டுக் குழந்தை கிஷனின் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி தள்ளிப்போனது. அன்புக்கரசி இந்தச் செய்தியை ஒரு வாரம் ருசித்தாள்.

புதன்கிழமை வந்தது. வர்ஷினிக்கும் அதே ஒன்பதாம் மாத ஊசி; அன்புக்கரசி அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். ஊசி போடும் இடத்தில் நர்ஸ் உஸ்மா ஐஸ் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"குப்பிய ஒடச்சா அஞ்சு கொழந்தைக்கு வருங்க. மீந்தா கொட்டோணும். உம்புள்ளையோட சேத்து நாலுதான் வந்திருக்குது. இன்னொண்ணு வந்தா ஒடைக்கிறேன், இல்லீன்னா அடுத்த வாரம்."

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நேற்றுத்தான் தட்டம்மை கண்டிருந்தது. அதோடுதான் வர்ஷினி நாள் முழுக்கத் தவழ்கிறாள்.

"ஒரு புள்ளைக்காக ஒடச்சா கவர்மெண்டு கவுந்துபோயிருங்களா?"

அன்புக்கரசி தொண்டை வற்றச் சண்டை போட்டாள். குப்பி அசையவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தவள், முதலாளி வீட்டு கேட்டில்தான் நின்றாள். சண்முகப்பிரியா கிஷனை இடுப்பில் வைத்தபடி வெளியே வந்தார்.

"ஏனுங்க... அன்னிக்கு நா பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க. பக்கத்தூட்ல அம்மை. கிஷனும் வந்தா ரெண்டுக்கும் இன்னிக்கே போட்டுருவாங்க. கொஞ்சம் தயவு பண்ணுங்க."

"அங்க வரிசைல நிக்கோணுமே?"

"நா நிக்கறனுங்க. நீங்க நெழல்ல உக்காந்துக்குங்க."

வர்ஷினியை ஓர் இடுப்புக்கு ஒதுக்கிக் கையை நீட்டினாள். கிஷன் தாவி மறு இடுப்பில் ஏறிக்கொண்டான். அன்புக்கரசி முந்தானையை இழுத்து, முதலில் அவன் தலைக்கு வெயில் மறைத்தாள்.