சைகோன் அக்கா என் மடியில் வைத்தது

பிள்ளை போனால் கூடவே பாலும் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். போகவில்லை. எங்கள் காரைக்காலில் தும்மலுக்கும் இருமலுக்கும்கூட ஒரு சொலவடை உண்டு. இதற்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனது சொற்பம். என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருந்தார். துணி சுற்றி வந்த காகிதங்களை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிக்கக் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் ஊர் வாயிலிருந்து பொறுக்கியது. யார் நல்ல வார்த்தை சொன்னாலும் முந்தானையில் முடிந்துகொள்வேன், சமயம் பார்த்து அவிழ்ப்பேன். கிணற்றடியில் நான் வாயைத் திறந்தால், குடம் நிரம்பிய பெண்களும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

என் மகன் பிறந்தது, பிரெஞ்சுக்காரன் கொடி இறங்குவதற்கு முந்தின வருஷம். நன்றாகத்தான் இருந்தான். முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தான். ஐப்பசி மழை விடாமல் அடித்த வாரத்தில் ஜன்னி கண்டு போய்விட்டான். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கொடுத்தவனே எடுத்துக்கொண்டான் என்றார்கள். மரம் இருக்கக் காய்க்கு என்ன பஞ்சம் என்றார்கள். எல்லாம் நானே பல வீடுகளில் சொன்னவைதாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பதும் நான் சொன்னதுதான். அன்றோடு என் வாய் அடைத்துப் போயிற்று.

மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். கொட்டுகிற மழையில் மல்லிகைக்கு எங்கே போவது? மாமியார் பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். எங்காவது பிள்ளை அழுதால் போதும், கட்டு நனைந்துவிடும். அதுதான் கொடுமை. பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிள்ளை இருந்தது. அது அழாத பொழுதே இல்லை.

அது சைகோன் அக்காவின் பிள்ளை. அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், அவர்கள் பேச்சில் சொல்தா. சைகோனில் இருந்தபோது அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊருக்கு அழைத்து வந்திருந்தார். இருவரும் தங்களுக்குள் பிரெஞ்சில் பேசிக்கொள்வார்கள். அவளுக்கு வந்த கொஞ்சத் தமிழ், மாமியாரிடமிருந்து வந்தது. அந்த அம்மாள் வாய் திறப்பது வீட்டு ஆட்டிடமும் மருமகளிடமும்தான், இரண்டு பேரிடமும் ஒரே பேச்சு. அதனால் ஒருமுறை என் மாமனாரிடம் முறுக்குத் தட்டை நீட்டி, “இந்தா, தின்னு” என்றாள். அவர் மரியாதையாக ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, “ம்மே” என்றார். தெருவே சிரித்தது. அவளும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள்.

மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் அவள் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். மற்றவர்களைப் போலக் கட்டிப்பிடித்து அழவில்லை. என் எதிரில் குந்தி, என் மார்பில் நனைந்திருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பிலிருந்த பிள்ளையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“பசி” என்றாள்.

அவள் மாமியார் வாசலிலேயே நின்று கத்தத் தொடங்கினார். “ஏண்டி புத்தி கெட்டவளே, பறிகொடுத்தவ மடியில யாராச்சும் பச்சைப்பிள்ளையக் கொண்டாந்து வப்பாங்களா?”

அவர் சொன்னதுதான் என் பயமும். பிள்ளையைத் தொடாமல் கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சைகோன் அக்கா என் கைகளைப் பிடித்துத் தாழ்த்தி, பிள்ளையின் முதுகில் வைத்து அழுத்தினாள். மறுபடியும் அதே வார்த்தை. அவளிடம் இருந்தது அவ்வளவுதான்.

எனக்குக் கஞ்சி கொண்டு வந்த எதிர் முஸ்லிம் வீட்டு ராத்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டினத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், அதிகம் பேசாதவர். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். “சும்மா கத்தாதீங்க பெரியம்மா. எங்க மார்க்கத்துல பால் குடுத்தவளும் உம்மாதான். உங்க பேரனுக்கு ஒரு உம்மா கூடுனா உங்களுக்கு என்ன நட்டம்?”

பிள்ளை அதற்குள் முட்டத் தொடங்கியிருந்தது. முதலில் உயிரைப் பிடுங்குகிற வலி. பிறகு வலி இளகியது. மகனைக் கொண்டுபோன நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அதன் பிறகு தினமும் வந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பேசினவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவளுக்குப் பால் போதவில்லை, அதனால்தான் என்னிடம் கொண்டு வருகிறாள் என்று நானும் நினைத்தேன். ஒருநாள் கொல்லைப் பக்கம் போனபோது பார்த்தேன். வாழைக்குப் பின்னால் நின்று தன் பாலை மண்ணில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பால்.

என்னைக் கண்டு அவள் ஒளியவில்லை. ரவிக்கையை முடிந்துகொண்டு, இரண்டு கைகளையும் ஒரு முழத்துக்கு அகட்டிக் காட்டினாள். கடலிரைச்சல் கேட்கிற கிழக்கே விரல் நீட்டினாள். பிறகு தரையைத் தொட்டாள். அவளும் பிள்ளை ஒன்றை அந்தச் சைகோன் மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கும் அன்று பால் வற்றாமல் நின்றிருக்கிறது. என்னிடம் இருந்த அத்தனை சொலவடையிலும் அவளுக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். தூறல் விழும்வரை இருவரும் அப்படியே நின்றோம்.

பால் மறந்த பிறகும் அவன் எங்கள் வீட்டிலேயே கிடந்தான். அவளை அவள் ஊர் வழக்கப்படி ‘மா’ என்பான், என்னை ‘அம்மா’ என்பான். மழலையில் என் சொலவடைகளையே ஆட்டிடம் சொல்லி அதை அதட்டுவான். அவனைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் தமிழ் கொஞ்சம் வந்தது. அவள் என் மாமனாரை முதன்முதலாக “வாங்க” என்றபோது, அவர் பழைய வரவேற்பே நன்றாக இருந்தது என்று குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு மறுபடி வயிறு திறக்கவில்லை. இவன் இருக்கிறான் என்று இருந்தேன்.

கொடி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சொல்தா பிரெஞ்சுப் பிரஜையாகவே இருந்துவிட்டார். குடும்பத்தோடு பிரான்சுக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. அவள்தான் என்னிடம் சொல்ல வந்தாள். மடிக்கு மீறி வளர்ந்துவிட்ட பிள்ளையைத் தூக்கி, அன்றைக்குப் போலவே என் மடியில் வைத்தாள்.

“கப்பல்” என்றாள்.

அதற்குள் அவளுக்கு எவ்வளவோ வார்த்தை தெரியும். ஆனாலும் அது ஒன்றுதான் வந்தது. அவனை விட்டுவிட்டுப் போ என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. ஒன்றை மண்ணில் விட்டுவிட்டு வந்தவளிடம் எப்படிக் கேட்பது? கேட்டவர், அன்று வாசலில் நின்று கத்திய அவள் மாமியார்தான். “பிள்ளைய இவகிட்ட விட்டுட்டுப் போங்களேன்டா” என்று மகனிடம் அழுதார். மகன் தலையை ஆட்டி மறுத்தார். சைகோன் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுச்சேரி பஸ்ஸில் ஏறிப் போய், அங்கிருந்து கப்பல். வழியனுப்பத் தெருவே வந்திருந்தது. ராத்தா பிள்ளைக்கு ஓதி ஊதிவிட்டார். நான் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறி, ஜன்னலோரம் அவன் தாய் பக்கத்தில் உட்கார வைத்தேன். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லாகவே இருக்கட்டும், அழாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவன் அழவில்லைதான். தாயை நெருக்கிக்கொண்டு நகர்ந்தான். நகர்ந்து, காலியான பலகையைத் தட்டினான்.

“உக்காரும்மா. எடம் இருக்கு.”

கண்டக்டர் இறங்கச் சொன்னார். இறங்கி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றேன். சைகோன் அக்காவின் மடியில் துணிமூட்டை ஒன்று, அதன் மேல் தூக்குப் பாத்திரம் ஒன்று. சொல்தா அவற்றை வாங்கி அந்தக் காலி இடத்தில் வைக்கப் போனார். அவள் அவர் கையைத் தடுத்தாள். பஸ் கிளம்பித் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். மூட்டையும் பாத்திரமும் அவள் மடியிலேயே இருந்தன.